பெயரின் மேல் ஒரு பெயர்

ஒரு நிலத்தின் ஆட்சி யார் கையில் இருக்கிறது என்பதை அறிய அரண்மனை வாயிலுக்குச் செல்ல வேண்டியதில்லை. அந்நாட்டின் அஞ்சல் தலை ஒன்றைக் கையிலெடுத்து நோக்கினால் போதும். மன்னனின் முகம், நாட்டின் பெயர், காசின் மதிப்பு ஆகியவை அந்தச் சிறு தாளில் அச்சாகியிருக்கும். கோட்டையின் மேல் பறக்கும் கொடியைத் தொலைவில் வாழ்வோர் காண்பதில்லை. அஞ்சல் தலையோ வீடு தேடிச் சென்று, இங்கே ஆள்பவர் இன்னார் என்பதை ஒவ்வொரு வாசலிலும் அறிவித்துவிடுகிறது. 1840 மே மாதத்தில் பிரிட்டன் தன் முதல் அஞ்சல் தலையைப் புழக்கத்தில் விட்டது முதல், உலகின் அரசுகள் யாவும் இந்தச் சிறு தாளைத் தம் தூதுவனாகவே நடத்தி வந்துள்ளன.

அந்தத் தூதுவனின் நெற்றியில் வேறொருவன் வந்து தன் பெயரை அச்சிட்டுவிட்டால் என்ன ஆகும்? பழைய முகம் அடியில் கிடக்கும். புதிய பெயர் அதன் மேல் ஏறி நிற்கும். இரண்டையும் ஒருசேரப் படிக்கலாம். போர்களின்போது அயல்நாட்டுப் படையின் பிடியில் அகப்பட்ட நிலங்களில் இவ்வாறு மேலச்சுப் பெற்ற அஞ்சல் தலைகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்துள்ளன. உலகெங்கும் அவற்றைத் தேடிச் சேர்ப்போர் உள்ளனர். நம் இல்லங்களிலும் பிள்ளைகள் ஆல்பத்தில் ஒட்டி வைத்திருக்கும் தலைகளுக்கிடையே இத்தகைய ஒன்றிரண்டு இருக்கக் கூடும்.

இதனைக் குறித்து ஓர் அறவினா எழுகிறது. ஒரு மக்கள் கூட்டம் தன் நிலத்தை இழந்து நின்ற நாட்களின் அடையாளத்தை மற்றொருவர் ஓய்வு நேர இன்பத்துக்காகச் சேர்ப்பது முறையாகுமா? பிறர் வீட்டுத் துயரம் நம் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் காட்சிப் பொருளாகலாமா? சிறு பிள்ளைகளின் பொழுதுபோக்குக்கு இவ்வளவு பெரிய வினாவா என்று சிலர் நகைக்கலாம். ஆனால், சிறு பொருள்களிடத்து நாம் பழகும் பழக்கமே பெரிய பொருள்களிடத்தும் நம் கையை நடத்துகிறது. ஆதலின் இவ்வினாவைச் சற்று நின்று ஆராய்வோம்.

இருவகை மேலச்சு

நுழைந்த படை ஏன் மேலச்சு இடுகிறது? முதற்காரணம் அவசரம். ஊரைப் பிடித்துவிடலாம், ஆனால் புதிய அஞ்சல் தலைக்குப் படம் வரைந்து, தகடு செதுக்கி, தாள் தேடி அச்சிடப் பல மாதங்கள் ஆகும். அஞ்சல் நிலையத்தில் பழைய ஆட்சி விட்டுச் சென்ற கட்டுகள் கிடக்கின்றன. அவற்றை அப்படியே விற்றால் கொள்ளை போன தலைகளும் செல்லுபடியாகிவிடும். பழைய அரசு இன்னும் இருப்பதாகவும் பொருள்படும். ஆகவே அவற்றின் மேல் சில சொற்களை அச்சிட்டு, காசின் மதிப்பையும் மாற்றி விற்பனைக்கு விடுகிறார்கள். 

மேலச்சுத் தலைகளை ஊன்றி நோக்கினால் அவை இரு வகைப்படுவதைக் காணலாம். வந்தவன் தன் நாட்டுத் தலையின் மேல், தான் பிடித்த நாட்டின் பெயரை அச்சிடுவது ஒரு வகை. 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தில் நுழைந்த ஜெர்மனி, அதே ஆண்டு அக்டோபரில் தன் தலைகளின் மேல் அந்நாட்டின் பெயரை ஜெர்மன் மொழியில் அச்சிட்டு, மதிப்பை அந்நாட்டுக் காசுக்கு மாற்றி வெளியிட்டது. 1941இல் கிழக்கே படையெடுத்தபோதும் ஹிட்லரின் தலை பொறித்த தாளின் மேல் 'ஒஸ்ட்லாண்ட்' என்றும் 'உக்ரைன்' என்றும் அச்சிட்டது. இவ்வகையில், சொந்த மண்ணின் பெயரே அயலான் தாளில் ஒரு விருந்தாளியைப் போல ஒதுங்கி நிற்கிறது.

பிடிபட்ட நாட்டின் தலையின் மேல் பிடித்தவன் தன் சொல்லை அச்சிடுவது மற்றொரு வகை. 1939 செப்டம்பரில் போலந்தை வீழ்த்திய ஜெர்மானியர், 1940இல் போலந்தின் தலைகள் மேலேயே கழுகையும் ஸ்வஸ்திகாவையும் பொறித்து, 'பொது ஆட்சிப் பகுதி' என்னும் பொருள்பட அச்சிட்டனர். போலந்து என்ற பெயரையே அவர்களுடைய ஆட்சி ஏற்க மறுத்தது. எனினும் அச்சு முழுமையாக மறைக்கவில்லை. அடியிலிருந்து பழைய தாள் எட்டிப் பார்த்துக்கொண்டேயிருந்தது.

இந்த இரண்டாம் வகையே நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. ஆதிக்கம் தன்னை அறியாமலே ஓர் உண்மையை இங்கு ஒப்புக்கொள்கிறது. எனக்கு முன் இங்கே ஒருவர் இருந்தார்; அவருடைய தாளில்தான் நான் எழுதுகிறேன் என்பதே அந்த ஒப்புதல். 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளின்படி, போரில் ஒரு நிலத்தைக் கைப்பற்றிய படை அதன் உரிமையாளராகிவிடுவதில்லை. அந்நிலத்தின் பொது ஒழுங்கைப் பேணுவதும், இயன்ற அளவு அங்குள்ள சட்டங்களை மதித்து நடப்பதும் அதன் கடமை. சட்டம் பல பக்கங்களில் சொன்னதை மேலச்சுத் தலை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. மேலே இருப்பவன் வந்தவன். கீழே இருப்பது இருந்தது.

பக்தாதின் தலை சொன்ன உண்மை

1917 மார்ச் 11ஆம் நாள் ஜெனரல் மோட் தலைமையில் பிரிட்டிஷ் படை பக்தாதில் நுழைந்தது. அப்படையில் பெருந்தொகையினர் இந்தியச் சிப்பாய்கள் என்பதை நாம் மறக்கலாகாது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 19 அன்று மோட் பெயரால் ஓர் அறிக்கை வெளியாயிற்று. தங்கள் படை வென்று ஆள வந்ததன்று, விடுதலை அளிக்கவே வந்தது என்பது அவ்வறிக்கையின் சாரம். அழகிய சொற்கள்! அரபு நாட்டின் பழம்பெருமையெல்லாம் அதில் நினைவூட்டப்பட்டிருந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் மாதம் பக்தாத் அஞ்சல் நிலையத்தில் விற்பனைக்கு வந்த தலைகளைப் பாருங்கள். துருக்கியர் விட்டுச் சென்ற உதுமானியத் தலைகள் அவை. அவற்றின் ஓரங்களைச் சுற்றி ஆங்கிலத்தில் நான்கு சொற்கள்: 'பக்தாத், பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பில்' என்பது அவற்றின் பொருள். நடுவே மதிப்பு, அதுவும் துருக்கிக் காசில் இல்லை. இந்தியாவின் அணாக் கணக்கில் இருந்தது! அறிக்கை 'விடுதலை' என்றது. அஞ்சல் தலை 'ஆக்கிரமிப்பு' என்றது. ஒரே அரசின் இரு நாவுகள்! உலகுக்குச் சொல்ல எழுதப்பட்டது ஒன்று. கணக்கு வழக்குக்காக எழுதப்பட்டது மற்றொன்று. உண்மை எதில் இருந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

1918இல் 'பக்தாத்' என்றிருந்த இடத்தில் 'இராக்' என்று மாற்றி மேலும் ஒரு வரிசை வெளிவந்தது. அடியிலிருந்த படங்கள் இஸ்தான்பூலின் காட்சிகள்: சுல்தான் அஹ்மத் பள்ளிவாசல், கலங்கரை விளக்கம், பாஸ்பரஸ் நீரிணை. விந்தை என்னவெனில், துருக்கி அரசு 1914இல் அந்தத் தலைகளை இலண்டன் அச்சகம் ஒன்றிடமே செய்து வாங்கியிருந்தது. தூதுவனைச் செய்து தந்தவனும் அவன் நெற்றியில் எழுதியவனும் ஒரே நாட்டார். தன் முகத்தைப் பிறன் அச்சகத்தில் செய்து வாங்கும் அரசுகளுக்கு இதனுள் ஒரு படிப்பினை உண்டு.

இதே காலத்துப் பலஸ்தீனின் கதை வேறு விதமானது. 1917 டிசம்பரில் ஜெனரல் அலன்பி ஜெரூசலத்தில் நுழைந்தார். 1918 பிப்ரவரியில் வெளியான முதல் தலையில் நாட்டின் பெயரே இல்லை. 'எகிப்தியப் படையெடுப்புப் படை' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் மூன்றே இருந்தன. 1920 செப்டம்பரில்தான் அத்தலைகளின் மேல் 'பலஸ்தீன்' என்ற பெயர் அரபி, ஆங்கிலம், எபிரேயம் ஆகிய மூன்று மொழிகளில் அச்சாயிற்று. பிற நாடுகளில் படையின் பெயர் மேலே, நிலத்தின் பெயர் கீழே. இங்கோ படையின் பெயர் அடித்தாளாக அமைந்துவிட, நிலத்தின் பெயர் பின்னர் வந்து ஏறியது!

அந்த எபிரேயச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு எழுத்துகள் சேர்க்கப்பட்டிருந்தன. 'இஸ்ரேல் நாடு' என்னும் தொடரின் சுருக்கம் அது. அரபு மக்கள் கொதித்தெழுந்தனர். தலைவர்களுள் ஒருவரான ஜமால் ஹுசைனி அவ்விரு எழுத்துகளை எதிர்த்து 1920களில் நீதிமன்றம் வரை சென்றார், வழக்கு தள்ளுபடியாயிற்று. இரண்டே எழுத்துக்காகவா ஒரு மக்கள் தலைவர் நீதிமன்றப் படி ஏறினார் என்று அன்று சிலர் ஏளனம் செய்திருக்கலாம். அவ்விரு எழுத்துக்குள் என்னென்ன அடங்கிக் கிடந்தன என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டிவிட்டன.

1948 போரின்போது எகிப்து தன் தலைகளின் மேல் 'பலஸ்தீன்' என்று அச்சிட்டுக் காஸாவில் வழங்கியது. ஜோர்டானும் அவ்வாறே செய்து மேற்குக் கரையில் வழங்கியது. வந்தவர்கள் சகோதரர்களே. ஆயினும் தாள் அவர்களுடையது. பெயர் மட்டுமே மண்ணுக்குரியது. 1967இல் அவ்விரு பகுதிகளையும் இஸ்ரேல் கைப்பற்றியபோது மேலச்சே இடப்படவில்லை. இஸ்ரேலின் தலைகளே அப்படியே புழங்கின. அங்கிருந்து வந்த உறைகளில், எந்த ஊரின் தபால் முத்திரை என்பது ஒன்றைக் கொண்டே அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்று அறிய முடிந்தது. மேலச்சு இடும் ஆதிக்கம் ஒரு வகையில் வெள்ளையானது. தான் வந்தவன் என்பதையாவது சொல்லிவிடுகிறது. மேலச்சே இடாத ஆதிக்கம் அதையும் சொல்லுவதில்லை.

மலாயா: ஒரே முகம், மூன்று ஆட்சி

நம் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு நாட்டுக்கு இப்போது வருவோம். நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற நம் ஊர்களில் மலாயாவோடு தொடர்பற்ற தெருவே அரிது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தாபாருக் கரையில் ஜப்பானியப் படை இறங்கிற்று. அம்மாதமே பினாங்கு வீழ்ந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. சிங்கப்பூருக்குச் 'சியோனான்' என்று புதுப்பெயர் வந்தது. கடிகாரங்களும் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கப்பட்டன.

அஞ்சல் நிலையங்கள் மீண்டும் திறந்தபோது விற்கப்பட்டவை பழைய தலைகளே. ஆனால் ஒவ்வொன்றின் மேலும் ஜப்பானிய முத்திரை குத்தப்பட்டிருந்தது. தொடக்க நாட்களின் பரபரப்பை அம்முத்திரைகளே காட்டுகின்றன. பினாங்கில் ஒகுகாவா என்ற ஜப்பானிய அதிகாரியின் பெயர் முத்திரையே தலைகளின் மேல் விழுந்தது. மலாக்காவில் பயன்பட்ட அரசு முத்திரை அளவில் மிகப் பெரியது; ஒருமுறை குத்தினால் நான்கு தலைகளின் மேல் பரவி நிற்கும். ஒவ்வொரு தலைக்கும் முத்திரையின் கால் பங்கே கிடைத்தது! பின்னர் ஆங்கில எழுத்தில் 'டாய் நிப்பன் 2602' என்ற மேலச்சு வந்தது. 'டாய் நிப்பன்' என்றால் மாபெரும் ஜப்பான். 2602 என்பது ஜப்பானியப் பேரரசின் ஆண்டுக் கணக்கில் நம் 1942. நிலத்தின் பெயரோடு காலத்தின் பெயரையும் மாற்றிவிட முயன்றனர். அதன் பின் ஜப்பானிய எழுத்துகளிலேயே மேலச்சு வந்தது.

சிலாங்கூர் மாநிலத்தின் சிறு மதிப்புத் தலைகளில் கிளாங் அரண்மனைப் பள்ளிவாசலின் படம் உண்டு. அந்தப் பள்ளிவாசலின் மேலும் 'டாய் நிப்பன்' விழுந்தது. பர்மாவில் 1942இல் மன்னர் ஆறாம் ஜார்ஜின் தலையை ஒரு மயிலின் உருவம் மறைத்தது. நீரிணைக் குடியேற்றங்களின் தலைகளில் இருந்த அதே மன்னர் முகம் 1942இல் ஜப்பானிய மேலச்சைத் தாங்கியது; 1945 அக்டோபரில் பிரிட்டிஷ் இராணுவ ஆட்சியைக் குறிக்கும் 'பி.எம்.ஏ. மலாயா' என்ற மேலச்சைத் தாங்கியது. ஒரே படம்; நான்காண்டுக்குள் மூன்று ஆட்சி. மூன்று தலைகளையும் ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் மலாய் மக்களோ, சீனரோ, தமிழரோ கேட்டு இடப்பட்ட சொல் ஒன்றேனும் இல்லை.

இனி, அத்தலைகள் ஒட்டாத கடிதங்களையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். போர் மூண்டதும் மலாயாவுக்கும் தமிழகத்துக்கும் இடையே கப்பல் நின்றது; கடிதம் நின்றது; பணம் வருவதும் நின்றது. பினாங்கில் கடை வைத்திருந்த கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று அறியாமலே ஆண்டுக் கணக்கில் காத்திருந்த பெண்கள் நம் கடற்கரை ஊர்களில் இருந்தனர். தாம் மனைவியா, கைம்பெண்ணா என்ற வினாவுக்கு விடையின்றி அவர்கள் நாட்களை எண்ணினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களில் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. அவர்களிடமிருந்து எந்த உறையும் வரவில்லை. எந்தத் தலையும் ஒட்டப்படவில்லை. சேகரிப்போர் ஆல்பத்தில் அவர்களுக்கென்று ஒரு பக்கம் இருப்பதில்லை. 'டாய் நிப்பன்' தலையைக் காண்போர், அதன் பக்கத்தில் அந்த வெற்றிடத்தையும் காணப் பழக வேண்டும்.

அபூர்வம் என்பது யாருடைய விலை?

இனி நம் வினாவுக்குத் திரும்புவோம். இத்தகைய தலைகளைச் சேர்ப்பது முறையா?

முறையன்று என்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சேகரிப்போர் உலகில் மதிப்பு என்பது அபூர்வத்தைப் பொறுத்தது. ஓர் ஆக்கிரமிப்பு எத்தனை குறுகியதோ, எத்தனை குழப்பம் நிறைந்ததோ, அத்தனை அபூர்வம் அதன் தலை. பாரசீக வளைகுடாவின் புஷஹர் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். முதல் உலகப் போரில் ஈரான் நடுநிலை நாடு. ஆயினும் பிரிட்டிஷ் படை 1915 ஆகஸ்ட் 8 முதல் அக்டோபர் 16 வரை புஷஹரைத் தன் பிடியில் வைத்தது. அந்த எழுபது நாளில் ஈரானியத் தலைகளின் மேல் 'புஷஹர், பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பின்கீழ்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு விற்றனர். அவற்றுள் சில இன்று பெரும் பணம் கொடுத்தாலும் கிடைத்தற்கரியவை. அதே எழுபது நாளுக்குள், 1915 செப்டம்பரில், அவ்வட்டாரத்தைக் காக்கப் போரிட்ட ரயீஸ் அலி தில்வாரி கொல்லப்பட்டார். ஈரான் மக்கள் இன்றும் அவரைத் தம் வீரராகப் போற்றுகின்றனர். தலையின் விலையை மனப்பாடமாகச் சொல்லும் சேகரிப்பாளர்களுள் எத்தனை பேர் தில்வாரியின் பெயரைக் கேட்டிருப்பார்கள்? 'எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம்' என்ற நம் பழமொழி இங்கே சுடத்தான் செய்கிறது.

இவ்வாதத்தின் வலிமையை ஒப்புக்கொண்டே நாம் மறுமொழி கூற வேண்டும். முதலில், காலத்தைப் பிரித்தறிதல் வேண்டும். ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஆக்கிரமிப்பாளனின் அஞ்சல் நிலையத்திலிருந்து தலையை வாங்குவது வேறு. அது முடிந்த பின் வாங்குவது வேறு. முன்னதில் காசு அவன் பெட்டிக்குள் போகிறது. போலந்தின் ஜெர்மானிய ஆட்சி அஞ்சல் கட்டணத்துக்கு மேல் கூடுதல் தொகை வைத்தே பல தலைகளை விற்றது. அத்தகைய தலையை அன்றே ஆவலோடு வாங்கிய அயல்நாட்டுச் சேகரிப்பாளர், தாம் வெறும் தாள் வாங்கியதாகச் சொல்லித் தப்ப இயலாது. ஆட்சி வீழ்ந்த பின்னரோ அதே தாள் அவனுடைய வருவாயாக இருப்பதில்லை. அவன் மேலான சான்றாக மாறிவிடுகிறது.

சான்று என்ற சொல்லே இவ்வினாவின் மையம் என்று நாம் கருதுகிறோம். கொடுமையின் அடையாளங்களையெல்லாம் எரித்துவிட வேண்டுமானால் முதலில் மகிழ்பவன் கொடுமை செய்தவனே. பக்தாதின் தலை ஒன்றும் எஞ்சாது போயிருந்தால், மோட் பெயரால் வந்த அறிக்கையின் இனிய சொற்களை மறுக்கக் கைக்கு அடக்கமான சாட்சி ஒன்று குறைந்திருக்கும். வைத்திருப்பதில் குற்றமில்லை, எதை வைத்திருக்கிறோம் என்று அறியாமல் வைத்திருப்பதில்தான் குற்றம் தொடங்குகிறது. சாட்சியைக் காப்பவனுக்குச் சில கடமைகள் உண்டு. அப்பொருள் அவனிடம் சொத்தாக இருப்பதைவிட அமானிதமாக இருப்பதே உண்மை.

அமானிதத்தின் முதற்கடமை பொய் கலவாதிருத்தல். மேலச்சைப் போலப் போலிக்கு எளிதான பொருள் வேறில்லை. அடித்தலை மலிவானது; அதன் மேல் நான்கு சொற்களை அச்சிட ஒரு சிறு அச்சுக்கட்டை போதும். புஷஹர் மேலச்சிலும் ஜப்பானிய முத்திரைகளிலும் போலிகள் மலிந்து கிடப்பதை அறிந்தோர் அறிவர். தேர்ந்தவர் மையின் அடுக்கைப் பார்ப்பார். மேலச்சு முதலில் விழுந்திருக்க வேண்டும்; தலை உறையில் ஒட்டப்பட்ட பிறகே தபால் முத்திரை அதன் மேல் விழும். தபால் முத்திரையின் மேல் மேலச்சின் மை கிடந்தால், பழைய தலையில் பிற்காலத்தில் யாரோ கைவேலை செய்திருக்கிறார்கள் என்பது வெளிப்படை. முத்திரையில் உள்ள தேதி ஆக்கிரமிப்பு நாட்களுக்கு வெளியே இருந்தாலும் ஐயம் கொள்ள வேண்டியதுதான்.

சாதாரணப் போலி வாங்குபவனின் பணத்தை மட்டும் கவர்கிறது. இந்தப் போலியோ வரலாற்றின் வாயில் பொய்ச்சாட்சியை வைக்கிறது. நடவாத கடிதப் போக்குவரத்தை நடந்ததாகக் காட்டுகிறது. ஒரு மக்களின் துன்ப நாட்களைத் தன் கொல்லைப்புறத்தில் அச்சிட்டு விற்பவனை வெறும் மோசடிக்காரன் என்று சொல்லிவிட்டு நிற்பதற்கில்லை. தன்னிடம் உள்ளது போலி என்று தெரிந்த பின்னும், கொடுத்த பணத்தை மீட்க வேண்டுமே என்று அதை மற்றொருவர் தலையில் கட்டுபவரும் அதே குற்றத்தில் பங்காளி. நட்டத்தை ஏற்பதே அவருக்கு அழகு.

இரண்டாம் கடமை, மனிதரை மறவாமை. தலையோடு உறையும், உறைக்குள் கடிதமும் விற்பனைக்கு வருவதுண்டு. போர்க்கைதிகளின் கடிதங்கள், நாஜிச் சிறை முகாம்களிலிருந்து எழுதப்பட்டவை ஆகியவையும் வாங்கி விற்கப்படுகின்றன. ஒரு தாய்க்கு மகன் எழுதிய இறுதி வரிகளாகவும் அவை இருக்கலாம். அவ்வுறையை ஆராய்வோர் முத்திரையையும் தணிக்கைக் குறியையும் படிப்பர், படிக்கட்டும். ஆனால் உரியவரின் வழித்தோன்றல்கள் இன்னார் என்று தெரிந்தும், அவர்கள் விரும்பிக் கேட்டும், விலை ஏறட்டும் என்று பூட்டி வைப்பது எந்த அறத்திலும் சேராது. பிறரின் கடிதத்தை அவர் இசைவின்றிப் பிரிக்கலாகாது என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். எழுதியவர் இறந்துவிட்டார் என்பதால் மட்டும் அந்த மரியாதையும் இறந்துவிடுமா?

மூன்றாம் கடமை, மையைப் பழிக்காமல் கருத்தைப் பார்த்தல். மேலச்சு என்றாலே ஆக்கிரமிப்பு என்று முடிவு கட்டுவது தவறு. டமாஸ்கஸில் அமைந்த அரபு அரசும் துருக்கித் தலைகளின் மேல் 'அரபு அரசாங்கம்' என்று அரபியில் அச்சிட்டே தன் முதல் மூச்சை விட்டது. 1920 மார்ச்சில் ஃபைஸல் மன்னராக அறிவிக்கப்பட்டார். ஜூலையில் பிரெஞ்சுப் படை டமாஸ்கஸில் நுழைந்தது. பிரெஞ்சுக்காரர்களோ 1919 முதலே தம் நாட்டுத் தலைகளில், 'ஆக்கிரமிக்கப்பட்ட எதிரி நிலங்கள்' என்பதன் முதலெழுத்துகளை அச்சிட்டு அப்பகுதிகளுக்கு அனுப்பி வந்தனர். ஒரே நிலத்துக்கு, ஒரே காலத்தில் இரண்டு மேலச்சுகள்! ஒன்று எழ முயன்றவர் குரல். மற்றொன்று அமுக்க வந்தவர் குரல். 1922இல் அயர்லாந்தின் தற்காலிக அரசு பிரிட்டிஷ் மன்னரின் முகத்தின் மேல் ஐரிஷ் மொழியில் தன் பெயரை அச்சிட்டது. 1947 அக்டோபரில் இந்தியத் தலைகளின் மேல் 'பாகிஸ்தான்' என்ற பெயர் அச்சாயிற்று. விடுதலையும் பிரிவினையும் ஆக்கிரமிப்பும் அவசரத்தில் பேசும் மொழி ஒன்றே. ஆகவே தாளைப் பார்த்து உணர்ச்சிவசப்படுவது போதாது. யார் எழுதினார், யாருடைய தாளில் எழுதினார், அம்மண்ணின் மக்கள் விருப்பம் என்ன என்று கேட்டறிதல் வேண்டும். அக்கேள்விகளைக் கேட்கப் பயிற்றுவிக்கும் பொழுதுபோக்கு, வெறும் பொழுதுபோக்காக நில்லாது கல்வியாகிவிடும்.

இல்லங்களுக்கு ஒரு சொல்

பெற்றோர்கள் பிள்ளைகளை இதிலிருந்து தடுக்க வேண்டியதில்லை, வழிகாட்ட வேண்டும். மேலச்சுத் தலை ஒன்று வீட்டுக்கு வந்தால், அதன் விலை என்ன என்பதை முதல் கேள்வியாக்காதீர்கள். அடியில் இருப்பது எந்த நாட்டுத் தலை, மேலே வந்தது யாருடைய சொல், வந்தவர் எந்த நாளில் வந்தார், எந்த நாளில் போனார் என்ற நான்கையும் பிள்ளை தன் கையாலேயே தலைக்குக் கீழே எழுதட்டும். கூடுமானால் ஐந்தாவதாக ஒன்றும் எழுதட்டும்: அந்நாட்களில் அங்கிருந்த மக்களுக்கு நேர்ந்தது என்ன? விடை தெரியாவிட்டால் அந்த வரி வெறுமையாகவே இருக்கட்டும். நூலகத்துக்குச் செல்லும் வழியை அந்த வெற்று வரி பிள்ளைக்குக் காட்டும்.

மலாயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த முன்னோரின் பழைய உறைகள் வீட்டுப் பெட்டிகளில் கிடந்தால், அவற்றிலிருந்து தலையை மட்டும் நீரில் நனைத்துப் பிரித்தெடுக்க அவசரப்பட வேண்டாம். முகவரியும் தபால் முத்திரையும் தலையோடு சேர்ந்திருக்கும்போதுதான் சாட்சியம் முழுமை பெறுகிறது. பிரித்தெடுத்த தலை வியாபாரிக்கு ஒரு பொருள். பிரிக்காத உறை அக்குடும்பத்தின் வரலாற்றில் ஓர் ஏடு.

அடியிலிருந்த பெயரை அடியோடு அழித்துவிட எந்த ஆட்சியாலும் எளிதில் முடிவதில்லை. ஜெர்மானிய மேலச்சு ஐந்தாண்டுக்குள் பயனற்றுப் போயிற்று, போலந்து இருக்கிறது. 2602 என்ற ஆண்டுக் கணக்கு மலாயாவை விட்டுப் போயிற்று. அந்நாடு 1957இல் விடுதலை பெற்றது. புஷஹரிலிருந்து அயல்படை வெளியேறியது. தில்வாரியின் பெயர் நிற்கிறது. ஆனால் இவை யாவும் தாமாக நினைவில் நின்றுவிடுவன அல்ல. எவரேனும் ஒருவர் மேலச்சைத் தாண்டி அடித்தாளைப் படிக்க வேண்டியிருக்கிறது. படித்ததை அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தபால் தலை சேர்ப்போர் அந்தப் பணியைச் செய்வார்களாயின், அவர்கள் சேர்ப்பது தாள் மட்டுமன்று. அப்பணியைச் செய்யாது, அபூர்வத்தின் விலையை மட்டுமே எண்ணுவார்களாயின், முன்னர் அச்சிட்டவனின் வேலையை இவர்களும் ஒருமுறை செய்தவர்களாகிறார்கள். அவன் பெயரின் மேல் பெயரை வைத்தான். இவர்கள் பெயரின் மேல் விலையை வைக்கிறார்கள்.